பி.ஐ.பி. போனால் பிரீமியம் இறங்குமா? ஃபுளோரிடாவில் வீடும் காரும் வைத்திருப்பவருக்கு ஒரு பதில்

கேள்வி இது: "நியூ ஜெர்சியில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, டாம்பாவுக்கு வடக்கே வெஸ்லி சேப்பலில் வீடு வாங்கியிருக்கிறோம். 2005-ல் கட்டிய வீடு. இரண்டு கார். பையன் அடுத்த மாதம் லைசென்ஸ் எடுக்கிறான். கார் இன்ஷூரன்ஸில் பி.ஐ.பி.யை எடுத்துவிட மசோதா வருகிறது, வீட்டு இன்ஷூரன்ஸ் வழக்கில் வக்கீல் செலவைக் கம்பெனி தலையில் கட்டும் பழைய முறையைத் திருத்திக் கொண்டுவரவும் மசோதா வருகிறது என்று ஆபீஸில் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் பிரீமியம் ஏறுமா, இறங்குமா? இப்போதே எதையாவது மாற்ற வேண்டுமா?"

இந்தப் பக்கம் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம் பிரிவில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். கூரை ஏறிப் பார்ப்பது, கார் படங்களைப் பார்த்துத் தொகை போடுவது, வக்கீல் கடிதத்துக்குப் பதில் எழுதுவது எல்லாம் செய்தாயிற்று. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.ஐ.பி., அதாவது விபத்தில் உங்கள் ஆஸ்பத்திரிச் செலவை உங்கள் கார் இன்ஷூரன்ஸே தரும் காப்பு, போனால் உங்கள் மாதிரி நல்ல லயபிலிட்டி (நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் இழப்புக்கான காப்பு) எடுத்தவர்களுக்குப் பிரீமியம் கொஞ்சம் இறங்கலாம், இல்லையேல் அப்படியே நிற்கும். குறைந்தபட்சத்தை மட்டும் எடுத்து ஓட்டுகிறவர்களுக்கு ஏறும். வீட்டைப் பொறுத்தவரை உங்களைப் பாதிக்கப்போகிற பெரிய மாற்றங்கள் இனிமேல் வரப்போகிறவை இல்லை, 2022 டிசம்பரிலேயே வந்துவிட்டன. பெரும்பாலானவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. கிளெய்ம் போடும் அன்றுதான் கவனிக்கிறார்கள்.

நியூ ஜெர்சியில் பழகிய எதையும் இங்கே அப்படியே எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் மாநிலங்களின் கையில் இருக்கிறது. 1945-ல் வந்த மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் அதை அப்படி விட்டுவிட்டது. அதனால் வாஷிங்டனில் யார் ஜெயித்தாலும் உங்கள் வீட்டுப் பாலிசியின் வாசகத்தைத் தீர்மானிப்பது மாநிலத் தலைநகர் டலஹாசிதான். அங்கே சட்டமன்றம் வருஷத்துக்கு அறுபது நாள்தான் கூடும். அந்த அறுபது நாளில் இன்ஷூரன்ஸ் மசோதாக்கள் கொத்துக் கொத்தாக வரும், பாதிக்கு மேல் குழுவிலேயே செத்துப்போகும். செய்தியில் "மசோதா தாக்கல்" என்று பார்த்த உடனே ஏஜெண்டைக் கூப்பிட வேண்டியதில்லை. அப்படியே சட்டமானாலும், அது அமலுக்கு வந்த பிறகு புதிதாக எழுதப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் பாலிசிக்குத்தான் பொதுவாகப் பொருந்தும். ஆகவே நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய தேதி கவர்னர் கையெழுத்துப் போட்ட தேதி இல்லை, உங்கள் பாலிசி புதுப்பிக்கும் தேதி.

சரி, கார்.

ஃபுளோரிடா 1970-களின் தொடக்கத்திலிருந்து 'நோ-ஃபால்ட்' மாநிலம். விபத்தில் தப்பு யாருடையது என்று பார்க்காமல், அவரவர் இன்ஷூரன்ஸ் அவரவர் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கான காப்புதான் பி.ஐ.பி. தொகை 10,000 டாலர். மருத்துவச் செலவில் 80 சதவீதம், வேலைக்குப் போகாமல் இழந்த வருமானத்தில் 60 சதவீதம் தரும். இதோடு பிறர் சொத்துச் சேதத்துக்கு 10,000. கார் பதிவு செய்ய இங்கே சட்டம் கேட்பது இவ்வளவுதான். மற்றவருக்குக் காயம் ஏற்படுத்தினால் ஈடு கட்டும் பாடிலி இஞ்சுரி லயபிலிட்டியைச் சாதாரண ஓட்டுநர் யாரும் எடுத்தே தீர வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. நியூ ஜெர்சியிலிருந்து வந்தவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அங்கே 2026 ஜனவரியிலிருந்து ஸ்டாண்டர்டு பாலிசியில் குறைந்தபட்சமே ஒருவருக்கு 35,000, ஒரு விபத்துக்கு 70,000.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஸ்டேட் ரோடு 56-ல் சிக்னலுக்கு நிற்கிறீர்கள். பின்னாலிருந்து ஒருவர் இடிக்கிறார். கழுத்து வலிக்கிறது, ஆனால் "சரியாகிவிடும்" என்று வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறீர்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் செய்வது இதுதான். மூன்றாவது வாரம் கை மரத்துப்போகிறது, டாக்டரிடம் போகிறீர்கள். பி.ஐ.பி. ஒரு காசு தராது. விபத்து நடந்த 14 நாளுக்குள் முதல் சிகிச்சை எடுத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பதினான்கு நாளுக்குள் போனாலும், "அவசர மருத்துவ நிலை" என்று தகுதியுள்ள மருத்துவர் எழுதித் தராவிட்டால் 10,000 கிடைக்காது, 2,500-தான். ஸ்கேன் எடுத்து நாலு முறை பிசியோதெரபிக்குப் போனாலே அது கரைந்துவிடும். சரி, இடித்தவரிடம் கேட்கலாம் என்றால் அவரிடம் பாடிலி இஞ்சுரி இல்லை. சட்டப்படி அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவர் 'ஃபுல் கவரேஜ்' என்று நினைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்.

இதை மாற்றத்தான் மசோதாக்கள் வருகின்றன. 2021-ல் இரண்டு அவைகளும் நிறைவேற்றி, பி.ஐ.பி.யை நீக்கி, அதற்குப் பதில் 25,000 / 50,000 பாடிலி இஞ்சுரியைக் கட்டாயமாக்கும் மசோதா கவர்னர் மேசை வரை போனது. ஜூன் கடைசியில் கவர்னர் டிசாண்டிஸ் அதை ரத்து செய்தார். பிறகும் அதே எண்களோடு மறுபடி மறுபடி வருகிறது. 2025 கூட்டத்தொடரிலும் வந்தது, சட்டமாகவில்லை. ஒருநாள் நிறைவேறும் என்பது என் ஊகம். நோ-ஃபால்ட் வைத்திருந்த கொலராடோ 2003-லேயே அதைக் கைவிட்டுவிட்டது.

நிறைவேறினால் காசு எங்கிருந்து எங்கே போகும்? உங்கள் டெக் பேஜை, அதாவது பாலிசியின் முதல் இரண்டு பக்கத்தில் எதற்கு எவ்வளவு என்று வரி வரியாகப் போட்டிருக்குமே, அதை எடுத்துப் பாருங்கள். பி.ஐ.பி. என்ற வரிக்கு நேரே ஒரு தொகை இருக்கும். அந்த வரி மறையும். பாடிலி இஞ்சுரி வரியின் தொகை கொஞ்சம் கூடும், ஏனென்றால் இதுவரை பி.ஐ.பி. விழுங்கிய முதல் பத்தாயிரமும் இனி தப்பு செய்தவர் மீது வரும். நீங்கள் ஏற்கெனவே 100,000 / 300,000 வைத்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும். அன்இன்ஷூர்ட் மோட்டாரிஸ்ட் என்ற வரி (இன்ஷூரன்ஸ் இல்லாதவர் இடித்தால் உங்களுக்குக் கை கொடுப்பது) மலிவாகக்கூடும், ஏனென்றால் எதிரில் வருபவரிடமும் இனி ஏதாவது இருக்கும். ஆனால் பி.ஐ.பி.யும் சொத்துச் சேதமும் மட்டும் எடுத்து, மாதாமாதம் கட்டி ஓட்டுகிற ஓட்டல் ஊழியருக்கு, அவரிடம் இல்லாத ஒரு காப்பு புதிதாக ஏறுகிறது. அவர் பிரீமியம் நிச்சயம் கூடும். கூடினால் சிலர் கட்டாமலே ஓட்டுவார்கள். 2019 கணக்குப்படி இங்கே ஐந்தில் ஒருவர் இன்ஷூரன்ஸே இல்லாமல் ஓட்டினார். மசோதாவை எதிர்ப்பவர்களின் வாதமும் இதுதான், அது வெறும் கம்பெனி வாதம் என்று தள்ளிவிட முடியாது. இருந்தாலும் என்னைக் கேட்டால் பி.ஐ.பி. போகட்டும் என்பேன். 10,000 என்ற அந்த வரம்பு 1979-ல் வைத்தது. இன்றைக்கு ஒரு இரவு எமர்ஜென்சியில் இருந்தால் அது தீர்ந்தது.

நம் வீடுகளுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது, செய்திகளில் இது வராது. ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார்கள். உங்கள் காரில் போகும்போது அடிபட்டால் இப்போது உங்கள் பி.ஐ.பி. அவர்களுக்கும் கை கொடுக்கிறது, அவர்கள் உங்கள் காரில் பயணித்தவர்கள் என்ற முறையில். விசிட்டர் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தாலும், அதன் டிடக்டிபிளும் (முதலில் நம் கையிலிருந்து போட வேண்டிய தொகை) பழைய நோய் விலக்குகளும் உங்களுக்கே தெரியும். பி.ஐ.பி. போய்விட்டால் இந்தக் கைச்செலவுப் பை காணாமல் போகும். அதற்கு ஈடாக மெட்-பே என்று மருத்துவச் செலவுக்கு ஒரு சிறு காப்பு உண்டு. 2021 மசோதாவில்கூட, கம்பெனிகள் அதை வாடிக்கையாளருக்கு முன்வைத்தே ஆக வேண்டும் என்றிருந்தது. வைப்பார்கள், ஆனால் நீங்கள் 'வேண்டாம்' கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் முடிந்தது. சட்டம் வரும் ஆண்டில் புதுப்பிப்புக் காகிதங்களைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பையன் விஷயத்தில் எந்த மசோதாவுக்கும் காத்திருக்க வேண்டாம். பதினெட்டு வயதுக்குள் லைசென்ஸ் விண்ணப்பத்தில் பெற்றோர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டவர் மேல் அந்தப் பிள்ளையின் ஓட்டுதல் கவனக்குறைவு சட்டப்படி வந்து விழும். அதோடு ஃபுளோரிடாவில், காரை ஒருவருக்கு ஓட்டக் கொடுத்தாலே சொந்தக்காரரும் பொறுப்பு என்ற பழைய நீதிமன்றக் கோட்பாடு இன்னும் உயிரோடு இருக்கிறது. சட்டம் பாடிலி இஞ்சுரி கேட்கவில்லையே என்று பிரீமியம் மிச்சம் பிடித்தால், பிடித்த மிச்சத்தை எதிர்த்தரப்பு வக்கீல் வட்டியோடு வாங்கிக்கொள்வார். உங்கள் சம்பளத்துக்கும் வீட்டுக்கும் குறைந்தது 250,000 / 500,000, மேலே ஒரு அம்ப்ரெல்லா பாலிசி, அதாவது அந்த வரம்பையும் தாண்டினால் கை கொடுக்கும் தனிப் பாலிசி. அன்இன்ஷூர்ட் மோட்டாரிஸ்டை ஏஜெண்ட் "இதில் கொஞ்சம் குறைக்கலாம் சார்" என்பார். அதைக் குறைக்காதீர்கள். அது வேண்டாம் என்றால் நீங்கள் எழுத்தில்தான் மறுக்க வேண்டும், அந்தப் படிவத்தைத்தான் நைசாக நடுவில் சொருகி வைப்பார்கள்.

காரில் ஏற்கெனவே வந்த மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச்சில் எச்.பி. 837 என்ற சட்டம் வந்தது. அதற்கு முன் கவனக்குறைவு வழக்குப் போட நாலு வருஷம் அவகாசம், இப்போது இரண்டு. விபத்தில் உங்கள் தப்பு பாதிக்கு மேல் என்று தீர்ப்பானால் முன்பு மிச்ச சதவீதம் கிடைக்கும், இப்போது ஒன்றும் கிடையாது. 51 சதவீதம் உங்கள் மேல் என்றால் பூஜ்யம். இந்த ஒரு சதவீதத்துக்காகத்தான் இப்போது எல்லாரும் டாஷ்கேம் வாங்குகிறார்கள். வாங்குங்கள், நல்ல செலவு. வழக்குகள் குறைந்ததன் பலன் கார் பிரீமியத்தில் தெரிகிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பெரிய கம்பெனிகள் சில 2025-ல் விலையைக் குறைத்தன. அளவுக்கு மீறி லாபம் வந்தால் வாடிக்கையாளருக்குத் திருப்பித்தர வேண்டும் என்று இங்கே ஒரு பழைய சட்டம் உண்டு. அதன்படி ப்ரோக்ரெசிவ் கிட்டத்தட்ட நூறு கோடி டாலர் திருப்பித் தருவதாக அந்த ஆண்டு அக்டோபரில் அறிவிப்பு வந்தது.

அதே 2023-ல் விண்ட்ஷீல்டுக்கும் ஒரு சட்டம் வந்தது. நீங்கள் அதற்கு முன் இங்கே இருந்திருந்தால் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கார் கழுவும் இடத்தில் குடை விரித்து ஒருவர் நிற்பார். "சார், கண்ணாடியில் கீறல் இருக்கிறது, இலவசமாக மாற்றித் தருகிறோம், நூறு டாலர் கிஃப்ட் கார்டும் உண்டு." காம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாத சேதங்களுக்கான காப்பு) இருந்தால் இங்கே முன்கண்ணாடிக்கு டிடக்டிபிள் கிடையாது என்பதால், நமக்கு ஒரு காசு செலவில்லை. டேப்லெட்டில் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தில் உங்கள் கிளெய்ம் உரிமையே கடைக்காரருக்கு மாறிவிடும். அவர் கம்பெனிக்கு இஷ்டப்பட்ட பில் போடுவார், குறைத்தால் உங்கள் கிளெய்மை வைத்தே வழக்குப் போடுவார். எங்கள் மேசையில் இப்படி வந்த வழக்குகளில் பல பேருக்குத் தங்கள் கிளெய்மை வைத்து வழக்கு நடப்பதே தெரியாது. இப்போது அந்த உரிமை மாற்றமும் கிஃப்ட் கார்டும் தடை.

இனி வீடு. விண்ட்ஷீல்டில் நடந்ததுதான் கூரையிலும் நடந்தது, தொகையில் இன்னும் இரண்டு மூன்று சைபர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆலங்கட்டி மழைக்கு மறுநாள் என் வீட்டுக் கதவையே ஒருவர் தட்டினார். கையில் டேப்லெட், தோளில் ஏணி. தெருமுனையில் மூன்று வீட்டுக்கு வேலை நடக்கிறது, உங்கள் கூரையையும் சும்மா பார்க்கிறேன் என்றார். ஏறி இறங்கி, சாக்பீஸால் வட்டம் போட்ட படங்களைக் காட்டினார். அந்த வட்டங்களுக்குள் இருந்தது ஆலங்கட்டி விழுந்த தடம் இல்லை, வெயிலில் தேய்ந்து மணல் உதிர்ந்த ஷிங்கிள். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும் ஏணியை மடித்துக்கொண்டு நல்ல நாளாக அமைய வாழ்த்திவிட்டுப் போனார். சொல்லாதவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

இதற்குப் பின்னால் இரண்டு சட்ட ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று, சேதத்துக்குப் பிறகு கிளெய்ம் உரிமையைக் கான்ட்ராக்டருக்கு எழுதிக் கொடுப்பது. மற்றது, ஒருவழி வக்கீல் கட்டணம்: வீட்டுக்காரர் வழக்கில் கம்பெனி முதலில் தருவதாகச் சொன்னதைவிடக் கூடுதலாக ஜெயித்தால், அவர் வக்கீல் செலவு முழுவதும் கம்பெனியுடையது. தோற்றால் கம்பெனியின் வக்கீல் செலவை வீட்டுக்காரர் கட்ட வேண்டியதில்லை. ஏழைக்கும் வக்கீல் கிடைக்க வேண்டும் என்று நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். இரண்டும் சேர்ந்தபோது அது தொழிலாகிவிட்டது. நாட்டின் வீட்டு இன்ஷூரன்ஸ் கிளெய்ம்களில் 9 சதவீதம் ஃபுளோரிடாவில், ஆனால் வழக்குகளில் 79 சதவீதம் இங்கே என்று 2022-ல் மாநில அரசே சொன்னது. அந்த ஆண்டில் சிறு கம்பெனிகள் வரிசையாகத் திவாலாயின. செப்டம்பர் 28-ல் இயன் புயல் கரை ஏறியது. டிசம்பரில் சிறப்புக் கூட்டம் கூட்டி எஸ்.பி. 2-ஏ என்ற சட்டத்தை நிறைவேற்றினார்கள்.

உங்கள் வீட்டுப் பாலிசி இந்தச் சட்டத்துக்குப் பிறகு எழுதியது. அப்படியென்றால் கிளெய்மைக் கான்ட்ராக்டருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. வழக்கில் ஜெயித்தாலும் உங்கள் வக்கீல் செலவு உங்களுடையது. சேதம் நடந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கிளெய்ம் போட்டாக வேண்டும், விட்டுப்போனதைச் சேர்க்க பதினெட்டு மாதம். முன்பு இது இரண்டு, மூன்று வருஷம் என்று இருந்தது. கம்பெனிக்கும் கடிவாளம் போட்டிருக்கிறார்கள்: நீங்கள் தெரிவித்த ஏழு நாளுக்குள் பதில், அறுபது நாளுக்குள் பணம் அல்லது மறுப்பு. முன்பு தொண்ணூறு.

இதில் யாருக்கு அடி? ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். குளியலறைக் குழாய் வெடித்து 18,000 டாலர் சேதம். கம்பெனி 7,000 தருகிறது. மீதி 11,000-க்கு எந்த வக்கீல் வருவார்? முன்பு வரிசையில் நிற்பார்கள். இப்போது அதில் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டால் அவருக்கும் கட்டாது, உங்களுக்கும் கட்டாது. பெரிய கிளெய்ம் வைத்திருப்பவருக்கு வக்கீல் கிடைக்கிறார். நடுத்தரமானது, சின்னது வைத்திருப்பவர்கள்தான் கம்பெனி கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிறார்கள். நான் கம்பெனிப் பக்கம் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறேன். பழைய முறை நாறிப்போயிருந்தது, அதை வெட்டியது சரி. ஆனால் வெட்டு தேவைக்கு மேல் ஆழமாக விழுந்துவிட்டது.

உங்கள் ஆபீஸில் பேசிக்கொள்ளும் மசோதா இதைத்தான் தொட்டது. 2025-ல் கீழவையில் வந்த அதன் சாரம், ஜெயித்தவருக்குத் தோற்றவர் வக்கீல் செலவைத் தர வேண்டும் என்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அது பழைய ஒருவழிப் பாதை இல்லை. தோற்றால் கம்பெனி வக்கீலின் பில்லும் உங்கள் வீட்டுக்கு வரும், கம்பெனி வக்கீல்கள் மணிக்கணக்கில் பில் போடுகிறவர்கள். கவர்னர் எதிர்த்தார், சட்டமாகவில்லை. மறுபடி வந்தால், "ஜெயிப்பது" என்பதை எப்படி வரையறுக்கிறார்கள் என்ற ஒரு பத்தியை மட்டும் தேடிப் படியுங்கள். மசோதாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அதுவரை வக்கீல் இல்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மாநில நிதிச் சேவைகள் துறை வீட்டுக் கிளெய்ம் தகராறுகளுக்கு மத்தியஸ்தம் நடத்துகிறது. செலவு கம்பெனியுடையது, உங்களுக்கு இலவசம். என் அனுபவத்தில், நல்ல படங்களும் ஒரு பிளம்பரின் எழுத்து மதிப்பீடும் கையில் வைத்திருப்பவர் அங்கே வெறுங்கையோடு திரும்புவது அபூர்வம். அப்புறம், புதுப்பிக்கும்போது "கட்டாய ஆர்பிட்ரேஷனுக்கு (கோர்ட்டுக்குப் பதில் ஒரு நடுவரின் தீர்ப்புக்கு) ஒப்புக்கொண்டால் பிரீமியத்தில் தள்ளுபடி" என்று ஒரு படிவம் வரலாம். அதே 2022 சட்டம் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. கையெழுத்துப் போட்டால் கோர்ட் கதவு உங்களுக்கு மூடிவிடும். தள்ளுபடி எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால் போட மாட்டேன்.

பிரீமியத்தை உண்மையிலேயே குறைக்கிற சட்டம் ஒன்று ரொம்ப நாளாக இருக்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. காற்றைத் தாங்கும் வசதிகள் வீட்டில் இருந்தால் கம்பெனி தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு விண்ட் மிட்டிகேஷன் இன்ஸ்பெக்‌ஷன் என்று பெயர். இன்ஸ்பெக்டர் கராஜில் இருக்கும் சின்னக் கதவு வழியாக அட்டிக்கில் ஏறுவார். டார்ச் அடித்து, மரச்சட்டம் சுவரோடு சேரும் இடத்தில் வெறும் ஆணிதானா, உலோக கிளிப்பா, சட்டத்தின் மேலே சுற்றி வந்து மறுபக்கம் ஆணி அடித்த ஸ்ட்ராப்பா என்று பார்ப்பார். கிளிப் என்றால் அதில் எத்தனை ஆணி என்று எண்ணுவார். மூன்று இருந்தால் ஒரு தள்ளுபடி, இரண்டுதான் என்றால் அது கிளிப் கணக்கிலேயே வராது. ஒரு ஆணிக்கு வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் வித்தியாசம் வந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கூரை நாலு பக்கமும் சரிந்த ஹிப் வடிவமா, கதவு ஜன்னல்களுக்குப் புயல் ஷட்டர் இருக்கிறதா என்றும் எழுதுவார். 2002 மார்ச்சில் அமலான கட்டடச் சட்டத்துக்குப் பிந்தையது உங்கள் வீடு, ஆகவே ஓரளவு தள்ளுபடி தானாகவே இருக்கும். பழைய சொந்தக்காரர் கொடுத்த அறிக்கை இருந்தால் தேதியைப் பாருங்கள். ஐந்து வருஷம்தான் செல்லும்.

2005 வீடு என்கிறீர்களே, கூரை எந்த வருஷத்தது? அசல் கூரையே இருந்தால் இருபது தாண்டிவிட்டது. 2022 மே மாதச் சட்டப்படி, பதினைந்து வருஷத்துக்கு உட்பட்ட கூரையை வயதை மட்டும் காட்டி மறுக்க முடியாது. அதற்கு மேல் போனால், இன்னும் ஐந்து வருஷம் தாங்கும் என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்தால் வயதைக் காரணம் காட்டித் தள்ள முடியாது. நிராகரிப்புக் கடிதம் வந்து மார்ட்கேஜ் வங்கி இப்போதைய பிரீமியத்தைவிட மூன்று மடங்கு விலையில் தானாக ஒரு பாலிசியைத் திணிக்கும் வரை காத்திருக்காமல், முன்கூட்டியே அந்த அறிக்கையை எடுத்து வையுங்கள்.

வீட்டையும் காரையும் சேர்த்துக் கட்டும் ஒரு கயிறு உண்டு. வேறு யாரும் பாலிசி தராதவர்களுக்காக மாநிலம் நடத்தும் சிட்டிசன்ஸ் என்ற அமைப்பு. 2023-ல் அதன் பாலிசிகள் பதினான்கு லட்சத்தைத் தொட்டன. பெரும்புயல் வந்து அதன் கையிருப்பு தீர்ந்தால், முதலில் அதன் வாடிக்கையாளர்களிடமும், போதாவிட்டால் மாநிலத்தில் வீடு, கார் பாலிசி வைத்திருக்கும் ஏறக்குறைய எல்லாரிடமும் சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) வசூலிக்கலாம். கற்பனை இல்லை இது. 2004, 2005 புயல்களுக்கான கடனை 2007-லிருந்து 2015 வரை கார் பாலிசிக்காரர்களும் சேர்ந்துதான் அடைத்தார்கள். அப்பார்ட்மெண்டில் வாடகைக்கு இருந்து ஒரு பழைய கரோலா ஓட்டியவரும் கடற்கரை பங்களாவுக்குக் கட்டினார். அதனால்தான் சிட்டிசன்ஸிலிருந்து ஆட்களை வெளியே தள்ளும் விதிகளை இறுக்குகிறார்கள்: தனியார் கம்பெனி 20 சதவீதத்துக்குள் கூடுதல் விலையில் பாலிசி தர முன்வந்தால் நீங்கள் சிட்டிசன்ஸில் நீடிக்க முடியாது. உங்கள் பாலிசி அங்கே இருந்தால், 'டேக்அவுட்' என்று தலைப்பிட்ட கடிதம் விளம்பரம் மாதிரியே இருக்கும், குப்பையில் போட்டுவிடாதீர்கள். பதில் சொல்லாவிட்டால் தானாகத் தனியார் கம்பெனிக்கு மாற்றிவிடுவார்கள். சிட்டிசன்ஸில் இருப்பவர்கள் வெள்ளக் காப்பும் தனியாக எடுக்க வேண்டும் என்ற விதி படிப்படியாக வந்து, 2027 ஜனவரியில் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் பொருந்தும். சிட்டிசன்ஸில் இல்லாவிட்டாலும் வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி எடுங்கள். வீட்டுப் பாலிசி தரையிலிருந்து உயரும் தண்ணீருக்கு ஒரு டாலர் தராது, அரசின் வெள்ளத் திட்டத்தில் சேர்ந்தாலும் காப்பு தொடங்கப் பொதுவாக முப்பது நாள் ஆகும். டி.வி.யில் புயல் படம் காட்டத் தொடங்கிய பிறகு எடுத்துப் பயனில்லை.

டெக் பேஜில் ஹரிக்கேன் டிடக்டிபிளையும் பாருங்கள். பெரும்பாலும் டாலரில் இருக்காது, சதவீதத்தில் இருக்கும். 2 சதவீதம் என்றால் இழப்பில் இல்லை, வீட்டுக்கு எடுத்த காப்புத் தொகையில். நாலு லட்சத்துக்குக் காப்பு என்றால் முதல் 8,000 உங்கள் கைக்காசு. பிரீமியம் குறைகிறது என்று 5 சதவீதத்துக்குப் போனவர்கள் மில்டன் புயலுக்குப் பிறகு என்னிடம் அழுதிருக்கிறார்கள்.

கடைசியாக, உங்கள் ஊருக்கே உரிய ஒன்று. வெஸ்லி சேப்பல் பாஸ்கோ கவுண்டியில் இருக்கிறது. அடியில் சுண்ணாம்புப் பாறை, நிலம் உள்வாங்கிப் பள்ளமாகும் (சிங்க்ஹோல்) பகுதி. உங்கள் பாலிசியில் 'கேட்டஸ்ட்ரோஃபிக் கிரவுண்ட் கவர் கொலாப்ஸ்' என்று ஒரு வரி இருக்கும், சிங்க்ஹோலுக்குக் காப்பு இருக்கிறது என்று அதைப் பார்த்து நிம்மதியாகிவிடுவார்கள். அது பணம் தர நாலு நிபந்தனை: நிலம் திடீரென்று இடிய வேண்டும், பள்ளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அஸ்திவாரம் உட்படக் கட்டடம் சேதமாக வேண்டும், வீடு வாழத் தகுதியற்றது என்று அரசு காலி செய்யச் சொல்ல வேண்டும். நாலும் சேர்ந்து நடக்க வேண்டும். சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல் விட்டு, கதவு சாத்த முடியாமல் போனால் அதில் வராது. அதற்கு 'சிங்க்ஹோல் லாஸ்' என்று தனியாக, கூடுதல் பிரீமியத்தில் கேட்டு வாங்க வேண்டும். வீட்டைப் பார்க்க ஆள் அனுப்பிவிட்டுத்தான் பெரும்பாலும் தருவார்கள். இந்த வாரம் ஏஜெண்டிடம் பேசும்போது பாடிலி இஞ்சுரி, அன்இன்ஷூர்ட் மோட்டாரிஸ்ட், சிங்க்ஹோல் மூன்றுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள், போனில் இல்லை, ஈமெயிலில். பாலிசி எண்ணை மறைத்து டெக் பேஜை அனுப்பினால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.